பரணில் கிடக்கும் பழைய கேஸ் புகைக்குழாயைக் கழற்றுவது: வரிசை தவறாத முழு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் பழைய வீடு வாங்கிய நம்மவர்கள் பலரது பரணில் ஒரு குழாய் சும்மா நிற்கிறது. எப்போதோ சமையலறையிலோ குளியலறையிலோ கேஸ் கீசர் இருந்திருக்கும். பிறகு கரண்ட் கீசரோ சோலாரோ வந்ததும் கீசரைக் கழற்றியவர்கள் அதன் புகைக்குழாயை அப்படியே விட்டுப் போயிருப்பார்கள். சில வருடத்தில் குழாயின் ஓரமாக மழைநீர் இறங்கி, சீலிங்கில் துரு நிறத்தில் வட்டம் விழும். அப்போதுதான் அது கண்ணில் படும்.

சீலிங் பலகைக்கும் கூரைக்கும் நடுவே உள்ள வெளியைத்தான் இங்கே பரண் என்கிறேன். டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இந்த வேலையைப் பல வீடுகளில் செய்திருக்கிறேன். புதிதாகச் செய்கிறவர்களுக்குக் கூட மாட நின்றும் இருக்கிறேன். எல்லோரும் தடுக்குவது ஒரே இடத்தில்தான். பரணுக்குள் ஏறியதும் கைக்கு எட்டுகிற நடுக்குழாயைப் பிடித்து ஆட்டத் தொடங்குகிறார்கள். இந்த வேலையில் சரிபார்ப்பு கீழிருந்து மேலே போகவேண்டும், கழற்றுவது மேலிருந்து கீழே வரவேண்டும். கீழே உள்ள 10 படிகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

1. நாளும் நேரமும்

டர்பனில் மழைக்காலம் ஏறக்குறைய அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை நிற்கும். ஜோகன்னஸ்பர்க்கில் அதே மாதங்களில் பிற்பகல் இடிமழை சொல்லாமல் வரும். கூரையில் ஓட்டை போடும் வேலைக்கு ஜூனும் ஜூலையும்தான் சரி.

ஆகஸ்டுக்குத் தள்ள வேண்டாம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இந்த ஊருக்கும் பொருந்தும். கோயிலில் ஆடிக்கூழ் ஊற்றி முடிகிற நேரத்தில் இங்கே காற்று வலுத்துவிடும். அந்தக் காற்றில் ஓட்டின்மேல் நிற்கக் கூடாது.

காலை ஏழு மணிக்கே தொடங்குங்கள். வெயில் ஏறினால் பரண் அடுப்பு மாதிரி கொதிக்கும், தலை சுற்றும். இருவர் வேண்டும். தனியாக ஏறவே ஏறாதீர்கள்.

2. கேஸ் உண்மையிலேயே துண்டிக்கப்பட்டதா?

கீசர் இல்லை என்பதால் கேஸும் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். கீசரைக் கழற்றிவிட்டு, கேஸ் வந்த செப்புக் குழாயின் வாயை நசுக்கி மடித்து மட்டும் விட்டிருந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். வெளியே 48 கிலோ சிலிண்டர் இரண்டு அதே குழாயில் இணைந்திருந்தன, சமையல் அடுப்புக்காக.

சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையில் தங்கும். ஜோகன்னஸ்பர்க்கின் சில பகுதிகளில் குழாய்வழி வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசானது, கசிந்தால் மேலே ஏறிப் பரணில் சேரும். அதனால் 'பரணில் வாடை இல்லை' என்பதை வைத்துச் சிலிண்டர் வீட்டில் எதையும் தீர்மானிக்க முடியாது.

கேஸ் குழாயைத் துண்டித்து அடைப்பது நம் வேலை இல்லை. கேஸ் வேலைக்காரர்களைப் பதிவு செய்யும் அமைப்பான எஸ்.ஏ.க்யூ.சி.சி. கேஸின் பதிவு அட்டை உள்ள ஃபிட்டரைக் கூப்பிடுங்கள். 2009-ஆம் ஆண்டின் அழுத்தக் கருவி விதிகளின்படி கேஸ் அமைப்பை மாற்றினால் இணக்கச் சான்றிதழ் வாங்கவேண்டும். அவர் சோதித்து எழுதிக் கொடுத்த பிறகே மற்ற எல்லாம்.

3. அது புகைக்குழாய்தானா? அது மட்டும்தானா?

அதிகத் தவறு நடப்பது இந்தப் படியில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பரணில் ஒன்றுக்கு மேற்பட்ட குழாய் நிற்கும். கழிப்பறைக் கழிவுக் குழாயின் காற்றுப்போக்கியும் கூரையைத் துளைத்துத்தான் மேலே போகும். சமையலறைப் புகை உறிஞ்சியின் குழாயும் போகும். கரண்ட் கீசர் பரணில் இருந்தால் அதன் வடிகால் குழாய்களும் உண்டு. தூசி படிந்து, சாம்பல் பூத்து, எல்லாம் ஒரே மாதிரித் தெரியும்.

ஒரு தம்பி கழிவுக் காற்றுப்போக்கியைப் புகைக்குழாய் என்று நினைத்துப் பரணிலேயே அறுத்துவிட்டான். மூன்று நாளில் வீடு முழுக்கச் சாக்கடை வாடை. பாத்ரூமில் குழாய் அடைத்திருக்கிறது என்று தரையைத் தோண்டினார்கள். மேலே பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

குழாயின் இரண்டு முனையையும் கண்ணால் பாருங்கள். கீழ் முனை கீசர் இருந்த இடத்தில் திறந்திருக்கவேண்டும். மேல் முனையில், கூரைக்கு வெளியே, மழை புகாத தொப்பி இருக்கவேண்டும். கழிவுக் காற்றுப்போக்கிக்குப் பெரும்பாலும் தொப்பி இருக்காது, வாய் திறந்திருக்கும் அல்லது வலை மட்டும் இருக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் ஒருவர் கீழ் முனையில் குழாயை மெல்லத் தட்டட்டும், இன்னொருவர் வெளியே பாதுகாப்பான இடத்தில் நின்று, சத்தம் எந்தக் குழாயில் வருகிறது என்று கேட்கட்டும்.

அடுத்து, வழியில் வேறு குழாய் இதில் சேர்கிறதா என்று பாருங்கள். நடுவில் டி வடிவ இணைப்பு இருந்தால் நிறுத்திவிடுங்கள். கேஸ் ஹீட்டர் ஒன்று இன்னும் அதே குழாயில் புகை விடலாம். அதைத் தெரியாமல் அறுத்தால் கார்பன் மோனாக்சைடு பரணில் இறங்கி, சீலிங் இடுக்குகள் வழியாகப் படுக்கையறைக்கு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கமாட்டார்.

இரட்டை வீடாகவோ வரிசை வீடாகவோ இருந்தால் பக்கத்து வீட்டாரையும் கேளுங்கள். அவர்கள் கீசர் இந்தப் பக்கம் சேர்ந்திருப்பது அபூர்வம்தான். ஆனாலும் கேட்க ஐந்து நிமிடம் போதும்.

4. எதனால் செய்த குழாய்?

காந்தம் ஒன்றைக் குழாயில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்புத் தகடு. இரட்டைச் சுவர்க் குழாயாக இருந்தால் வெளியே துத்தநாகம் பூசிய இரும்பும் உள்ளே அலுமினியமும் இருக்கும். ஒட்டவில்லை, சாம்பல் நிறம், சுவர் தடிமனாக இருக்கிறது, தட்டினால் மண்சட்டி போல மந்தமாக ஒலிக்கிறது என்றால் அது ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் வந்த ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத சிமென்ட் குழாயும் பார்வைக்கு இதே மாதிரிதான். ஆய்வகச் சோதனை மட்டுமே பிரித்துச் சொல்லும். ஓரத்தை உடைத்து நார் தெரிகிறதா என்று பார்க்காதீர்கள். உடைப்பதில்தான் ஆபத்தே இருக்கிறது.

இரும்புக் குழாய் என்றதும் பலர் நிம்மதி அடைந்துவிடுவார்கள். அங்கேயும் இரண்டு இடம் பாருங்கள். இணைப்பு வாய்களில் வெள்ளை அல்லது சாம்பல் நிறக் கயிறு திணித்திருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸ் கயிறாக இருக்கலாம். குழாய் சீலிங்கைக் கடக்கும் இடத்தில் மரத்துக்குச் சூடு போகாமல் வைத்த சதுர அட்டையும் அப்படியே. இந்தக் கயிறும் அட்டையும் சிமென்ட் குழாயைவிட எளிதில் உதிரும், அதனால் இன்னும் கெட்டவை.

தென்னாப்பிரிக்காவில் ஆஸ்பெஸ்டாஸ் பயன்பாட்டுக்கு 2008-இல் தடை வந்தது. அதற்கு முன்பு கட்டிய வீடு எதுவானாலும் சந்தேகப்படுவது நல்லது. நுண்ணிய நார் நுரையீரலில் தங்கி, நோய் வெளிப்பட முப்பது நாற்பது வருடம்கூட ஆகும். இன்று இருமல் வரவில்லை என்பதால் ஒன்றுமில்லை என்று ஆகாது.

ஆஸ்பெஸ்டாஸ் என்று தோன்றினால் பதிவுபெற்ற ஆஸ்பெஸ்டாஸ் ஒப்பந்தக்காரரைக் கூப்பிடுங்கள். 2020-இல் வந்த ஆஸ்பெஸ்டாஸ் அகற்றல் விதிகள் 10 சதுர மீட்டருக்குக் குறைவான சிமென்ட் வேலையைத் தனி வகையாகப் பிரித்திருக்கின்றன. அதைக் காட்டி, 'சின்ன வேலைதானே, நாமே முடித்துவிடலாம்' என்பார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். வேலை சின்னதானாலும் நனைப்பது, உடைக்காமல் இறக்குவது, இரட்டை உறையில் கட்டுவது, உரிமம் பெற்ற கிடங்கில் சேர்ப்பது எல்லாம் உண்டு. காற்றோட்டமில்லாத பரணில் அதைப் பழகிப் பார்க்கக் கூடாது.

கூரையே ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் அதன்மேல் ஏறாதீர்கள். பழைய தகடு ஆள் பாரம் தாங்காது. சாட்ஸ்வர்த்தின் பழைய கவுன்சில் (நகராட்சி) வீடுகளில் இந்தக் கூரை இன்னும் நிறைய இருக்கிறது. அங்கே கூரை வேலை முழுவதையும் ஒப்பந்தக்காரரிடமே விட்டுவிடுங்கள்.

இனி வரும் படிகள் தகட்டுக் குழாய்க்கும் சிமென்ட் ஓட்டுக் கூரைக்கும் மட்டும்.

5. ஏறுவதற்கு முன் கையில் இருக்கவேண்டியவை

முதலில் கூரை ஓட்டையை மூடும் பொருள்: அதே வார்ப்பு ஓடு நான்கைந்து, ரீப்பர் கட்டை (ஓடு உட்காரும் குறுக்குக் கட்டை) இரண்டு, ஓட்டுக்கு அடியில் விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பில் ஒரு மீட்டர், துருப்பிடிக்காத ஆணி. இவை வீட்டுக்கு வந்து சேரும்வரை தொப்பியைத் தொடவேண்டாம்.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. பழைய ஓட்டின் வார்ப்பு இப்போது கடையில் கிடைக்காமல் போகலாம். ஓட்டை போட்ட பிறகு ஓடு தேடி அலைந்த ஒரு மாமா, இரண்டு வாரம் தார்ப்பாயைக் கட்டி வைத்திருந்தார். குரங்குகள் வந்து தார்ப்பாயைக் கிழித்து, அதன்மேல் வைத்த கல்லையும் உருட்டிவிட்டுப் போயின. ஒரு பழைய ஓட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பழைய கட்டடப் பொருள் விற்கும் யார்டில் ஒப்பிட்டு வாங்குங்கள். கிடைக்கவில்லையா? வீட்டின் பின்பக்கக் கொட்டகையில் அதே ஓடு இருந்தால் அங்கிருந்து எடுத்துக்கொண்டு, அங்கே வேறு ஓட்டைப் போடலாம்.

கருவிகள்: ஸ்க்ரூடிரைவர், ஸ்பேனர், தகடு வெட்டும் கத்தரி, ஹாக்ஸா, கனமான தோல் கையுறை, நுண்தூசி தடுக்கும் எஃப்.எஃப்.பி.2 முகமூடி, கண்ணாடி, தலையில் மாட்டும் விளக்கு, 10 மீட்டர் கயிறு, தடித்த பிளாஸ்டிக் பை, டேப். நடப்பதற்கு இரண்டு பிளைவுட் பலகை.

ஆங்கிள் கிரைண்டர் வேண்டாம். பரணில் காய்ந்த பைன் மரம், தூசி, மைனா கூட்டின் வைக்கோல். ஒரு பொறி போதும். தெரிந்த ஒரு வீட்டில் வேலை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் மேலே புகைவது தெரிந்தது.

6. பரணில் கால் வைக்கும் முறை

சீலிங் பலகை ஆள் நிற்பதற்கு இல்லை. பெரும்பாலும் 6.4 மி.மீ. ஜிப்சம் பலகை, கீழிருந்து ஆணி அடித்தது. கூரைச் சட்டத்தின் அடிக்கட்டைகளில் மட்டும் கால் வையுங்கள். பிளைவுட் குறைந்தது மூன்று கட்டைகளின் மேல் படுகிற நீளத்தில் இருக்கட்டும், நுனி எந்தக் கட்டையையும் தாண்டி நீட்டக் கூடாது. நீட்டினால் மிதித்ததும் மறுமுனை எழும்பும்.

ஏறுவதற்கு முன் டி.பி. போர்டில் (வீட்டின் மின்சாரப் பெட்டியில்) மெயினையே இறக்கிவிடுங்கள். பழைய வயரின் உறை கை பட்டதும் உதிரும். கண்ணாடி இழைப் பஞ்சு விரித்திருந்தால் குழாயைச் சுற்றி ஒரு மீட்டர் சுருட்டி ஒதுக்குங்கள், கரி அதன்மேல் கொட்டினால் பிறகு சுத்தம் செய்ய முடியாது.

7. கீழ் வாயை அடைத்து, நடுவைக் கட்டுவது

அறைக்குள் திறந்திருக்கும் கீழ் வாயில் தடித்த பையை மாட்டி டேப்பால் இறுக்குங்கள். மேலே அசைத்ததும் கரி, துரு, கூடு எல்லாம் கீழே வரும். இந்த ஒரு பை இல்லாமல் வெள்ளைச் சுவரைக் கருப்பாக்கிய வீடுகள் உண்டு.

அப்புறம் பரணில் குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புகளைப் பாருங்கள். பலமாக இருந்தாலும் மேல், நடு இரண்டு இடத்திலும் குழாயைக் கயிற்றால் சாய்வுக் கட்டையோடு (கூரையின் சரிவைத் தாங்கும் மரம்) கட்டுங்கள். கூரையில் மேல்துண்டை உருவும்போது, இத்தனை நாள் கூரையின் பிடியில் நின்ற மிச்சக் குழாய் திடீரென்று தளரும். கட்டாமல் விட்டால் சீலிங்கைத் துளைத்துக்கொண்டு இறங்கும்.

குழாய்க்குள் சத்தம் கேட்டால், கூட்டில் குஞ்சு இருந்தால், வேலையைத் தள்ளிவையுங்கள். தேனீ என்றால் தேனீ பிடிப்பவரைக் கூப்பிடுங்கள்.

8. கூரைமேல்: தொப்பியும் மேல்துண்டும்

ஏணியின் உயரம் நான்கு பங்கு என்றால் அடி சுவரிலிருந்து ஒரு பங்கு தள்ளி இருக்கவேண்டும். நுனி கூரை விளிம்பைத் தாண்டி ஒரு மீட்டர் நீட்டவேண்டும். ஓட்டின்மேல் கொக்கியுள்ள கூரை ஏணியைப் போட்டு அதில்தான் நிற்கவேண்டும். சரிவு அதிகமாக இருந்தாலோ உயரம் பயமாக இருந்தாலோ கூரைக்காரரை வையுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

தொப்பியைக் கழற்றிக் கயிற்றில் இறக்குங்கள், எறியாதீர்கள். பிறகு மழைநீர் இறங்காமல் குழாயைச் சுற்றி வைத்த ஃப்ளாஷிங் தகட்டை நெம்பி எடுங்கள். பழைய தகடு ஈயமாக இருக்கலாம். மிருதுவாக, கனமாக, கீறினால் பளிச்சென்று இருக்கும். தொட்ட பிறகு கை கழுவாமல் எதையும் சாப்பிடவேண்டாம்.

இரட்டைச் சுவர்க் குழாய் பெரும்பாலும் திருகிப் பூட்டுகிற வகை. கால் சுற்றோ அதற்கும் குறைவாகவோ இடப்பக்கம் திருப்பி மேலே தூக்கினால் வந்துவிடும். வரவில்லை என்றால் இணைப்பில் சிறு ஸ்க்ரூ இருக்கிறதா பாருங்கள். ஸ்க்ரூ இருப்பதைப் பார்க்காமல் முறுக்கினால் தகடு கிழிந்து, கிழிந்த விளிம்பு கையைப் பதம் பார்க்கும்.

ஒற்றைச் சுவர்க் குழாயில் விரிந்த வாய் மேல்நோக்கி இருக்கும், மேல்துண்டு அதற்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும். உள்ளே ஊறும் நீர் வெளியே கசியாமல் இருக்க அப்படி வைப்பார்கள். மேலிருந்து கழற்றவேண்டும் என்பதற்கு அதுவே காரணம். கீழ்த்துண்டைப் பிடித்து இழுத்தால் மேல்துண்டின் பாரம் முழுவதும் உங்கள் தலைக்கு நேரே நிற்கும்.

9. கூரை ஓட்டையை அதே நாளில், அதே கையோடு மூடுவது

மேல்துண்டு வெளியே வந்ததும் பரணுக்கு ஓடாதீர்கள். முதலில் கூரை.

குழாய்க்காக வெட்டிய ரீப்பரின் இடத்தில் புதுக் கட்டை போடுங்கள். இரண்டு பக்கமும் சாய்வுக் கட்டை வரை நீண்டு உட்காரவேண்டும், அந்தரத்தில் ஒட்டுப்போடக் கூடாது. சாய்வுக் கட்டையையே யாராவது முன்பு வெட்டியிருந்தால் நிறுத்திவிட்டு, கூரைச் சட்டம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

பிளாஸ்டிக் விரிப்பில் ஒட்டுப்போடும்போது ஒட்டின் மேல் ஓரம் பழைய விரிப்புக்கு அடியில் செருகவேண்டும், கீழ் ஓரம் பழைய விரிப்பின் மேலே படவேண்டும். ஒவ்வொரு பக்கமும் 150 மி.மீ. ஏறியிருக்கட்டும். தலைகீழாக வைத்தால் ஓட்டைத் தாண்டி வரும் நீர் நேராகப் பரணுக்குள் போகும். டேப்பை நம்பாதீர்கள், தண்ணீர் இறங்கும் திசையை நம்புங்கள். பிறகு ஓடு.

உடனே தண்ணீர் சோதனை. ஒருவர் பரணில் விளக்கோடு, இன்னொருவர் ஹோஸோடு. ஒட்டுப்போட்ட இடத்துக்குக் கீழ் வரிசையில் தொடங்கி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வரிசை மேலே ஏறுங்கள். உச்சியிலேயே ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து, கசிவு எந்த வரிசையில் என்று தெரியாது.

10. பரண், சீலிங், மிச்சம்

இப்போதுதான் பரணில் நிற்கும் குழாய். மேலிருந்து ஒவ்வொரு துண்டாக: கயிற்றில் பிடி, கிளிப்பைக் கழற்று, திருப்பு, தூக்கு, இரண்டு வாயையும் பையால் மூடு, பரண் கதவு வழியாக இறக்கு. கதவுக்குள் போகாத நீளத் துண்டை ஹாக்ஸாவால் அறுக்கலாம். அவசரப்பட்டு எந்த மரக்கட்டையையும் வெட்டவேண்டாம்.

கடைசித் துண்டு சீலிங் வழியாக அறைக்குள் நிற்கும். அதை மேலே இழுக்காமல், அறைக்குள் கீழே இறக்குங்கள். மேலே இழுத்தால் பையில் சேர்ந்த கரி மொத்தமும் பரணில் கொட்டும்.

சீலிங் ஓட்டையை வட்டமாக அடைக்க முயலாதீர்கள். பக்கத்துக் கட்டை வரை சதுரமாக வெட்டி, பரணிலிருந்து நான்கு பக்கமும் 38 மி.மீ. கட்டை வைத்து ஸ்க்ரூ போட்டு, அதன்மேல் புதுப் பலகையைப் பொருத்துங்கள். இணைப்பில் வலை டேப், அதற்குமேல் ரைனோலைட் என்ற ஜிப்சம் பூச்சு. தாங்கும் கட்டை இல்லாமல் பூச்சை மட்டும் நம்பிய ஒட்டு ஆறு மாதத்தில் வட்டமாக விரிசல் விடும்.

இரட்டை வீட்டில் குழாய் நடுச்சுவரைத் துளைத்துப் போயிருந்தால் அந்த ஓட்டையைச் செங்கலும் சிமென்ட் சாந்தும் வைத்தே அடைக்கவேண்டும். அது ஒரு வீட்டின் தீ மறுவீட்டுக்குப் போகாமல் தடுக்கும் சுவர். நுரை ஸ்ப்ரே அடித்துவிட்டுப் போவது அக்கம்பக்கத்துக்குச் செய்கிற துரோகம்.

ஒதுக்கிய பஞ்சைத் திரும்ப விரிப்பதற்கு முன் விளக்கை அடித்து மரங்களைப் பாருங்கள். சிறு துளைகளும் அடியில் மாவு போன்ற தூளும் தெரிந்தால் மரவண்டு. டர்பன் இருக்கும் குவாசுலு-நடால் மாகாணத்தில் வீடு விற்கும்போது வண்டுச் சான்றிதழ் கேட்பது வழக்கம், அப்போது தெரிவதைவிட இப்போதே தெரிந்துகொள்ளலாம்.

தகட்டுத் துண்டுகளும் ஈயமும் பழைய இரும்புக் கடைக்குப் போகும். கேஸ் ஃபிட்டரின் சான்றிதழையும், கழற்றுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். அக்டோபரில் முதல் பெருமழை பெய்கிற இரவில் விளக்கோடு ஒருமுறை பரணில் ஏறி, புது ரீப்பரின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். ஈரம் கையில் பட்டால், மறுநாள் காலையில் முதலில் பார்க்கவேண்டியது விரிப்பின் மேல் ஓரத்தைத்தான்.